நடைபாதையில் நின்றபடியே ஒரு பழைய அமெரிக்க காரின் வயதைச் சொல்ல முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. சிகாகோவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வேலை மாறி கலிஃபோர்னியாவின் ஓக்லாந்துக்கு வந்திருக்கிறீர்கள். அடுத்த தெருவில், மரத்தடியில், வெயிலில் வெளிறிய பச்சை நிறத்தில் நான்கு கதவு டாட்ஜ் ஒன்று நிற்கிறது. முன்னால் இரண்டே வட்ட ஹெட்லைட். பக்கவாட்டில், மட்கார்டு மீது, சிறிய வட்ட விளக்குகள். அது எந்த ஆண்டு வண்டி, சிகாகோ தெருக்களில் கண்ணில் படாத இவை இங்கே மட்டும் எப்படி இன்னும் நிற்கின்றன, அதை விலை பேசலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன: கதவைத் திறக்காமல், சொந்தக்காரரிடம் பேசாமல், கண்ணால் மட்டும் பார்த்து ஒரு பழைய காரைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளலாம், அதில் எதை நம்பலாம்?

காப்பீட்டுக்காகப் பழைய வண்டிகளை மதிப்பிடுவது என் தொழில். அதற்கு முன் டிங்கரிங் பட்டறையில் வேலை செய்தவன். ஆண்டைக் கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள் வழக்கமாக முகப்பின் அழகையும் வாலின் வளைவையும் பார்த்துத் தொடங்குகிறார்கள். நான் சட்டம் வண்டியின் மீது ஏற்றி வைத்த பொருட்களிலிருந்து தொடங்குவேன். கிரில்லை மாற்றலாம், குரோம் பட்டையைக் கழற்றலாம், பெயர்ப் பலகையைக் கடையில் வாங்கி ஒட்டலாம். ஆனால் மத்திய அரசு ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து எல்லாக் கார்களிலும் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கிய விளக்கும் பம்பரும் எல்லாக் கம்பெனி வண்டிகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தன. அவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் கம்பெனி பெயரே தெரியாத வண்டிக்கும் ஐந்தாறு ஆண்டு இடைவெளிக்குள் வயது சொல்லிவிடலாம்.

அவற்றில் மிகவும் பயன்படுவது நீங்கள் கவனித்த அந்தப் பக்கவாட்டு விளக்குதான். 1968 ஜனவரி 1 முதல் தயாரான கார்களில் முன் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்திலும் பின் ஓரத்தில் சிவப்பு நிறத்திலும் விளக்கோ பிரதிபலிப்பானோ இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 1970 முதல் இரண்டுமே கட்டாயம். எனவே மட்கார்டு வெறுமையாக இருந்தால் வண்டி 1967 அல்லது அதற்கு முந்தைய மாடல் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். முன் இண்டிகேட்டர் கண்ணாடி வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் 1962 வரை. ஆரஞ்சுக்கு மாறியது 1963 மாடல்களில். ஆக, ஆரஞ்சு இண்டிகேட்டர் உண்டு, பக்கவாட்டு விளக்கு இல்லை என்றால் 1963க்கும் 1967க்கும் இடையில் வந்து நிற்கிறீர்கள். இரண்டே பார்வையில் இவ்வளவு கிடைத்துவிடுகிறது.

பம்பரும் இதேபோல் பேசும். 1973 மாடல் முதல் முன் பம்பர் மணிக்கு 5 மைல் வேக மோதலைத் தாங்க வேண்டும். 1974 முதல் பின் பம்பரும். 1972 வரை உடலோடு ஒட்டி மெல்லியதாக ஓடிய குரோம் பட்டை, அதன் பிறகு தண்டவாளம்போல் தடித்து, உடலை விட்டு நாலைந்து விரற்கடை தள்ளி நின்றது. ஒரே பெயருள்ள காரின் 1972, 1974 மாடல்களைப் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால் விளங்கும். முன்னால் நான்கு வட்ட விளக்குகள் இருந்தால் 1957க்கு முந்தையது அல்ல. சில கம்பெனிகள் அந்த ஆண்டிலும், ஏறத்தாழ எல்லாரும் 1958லும் நான்குக்கு மாறினார்கள். இதைத் திருப்பிச் சொல்ல முடியாது. இரண்டு விளக்குதான் இருக்கிறது என்பதால் வண்டி 1957க்கு முந்தையது ஆகிவிடாது. சிறிய கார்கள் 1960கள், 1970கள் முழுவதும் இரண்டோடு ஓடின. சதுர விளக்கு வந்தது 1975 மாடலில். பின் கண்ணாடிக்குள் நடுவில் மூன்றாவது பிரேக் விளக்கு 1986 மாடலில். முன் கண்ணாடி பக்கவாட்டில் திரும்பிச் சுற்றி, கதவுத் தூண் முழங்காலில் இடிக்கும்படி பின்னோக்கி வளைந்திருந்தால் 1950களின் நடுவிலிருந்து 1960 வாக்கில் முடியும் காலம். பின் மட்கார்டு மேல் துருத்தி நிற்கும் வால் சிறகைப் பற்றி எல்லாரும் பேசுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன்: 1948 கேடிலாக்கில் தொடங்கி 1959 கேடிலாக்கில் உச்சத்துக்குப் போய், அதன் பின் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது.

இனி உங்கள் பச்சை வண்டி. இரண்டு வட்ட ஹெட்லைட், நான்கு கதவு, பெரிதல்லாத உடல் என்றால் அது டாட்ஜ் டார்ட்டாகத்தான் இருக்க வேண்டும். பக்கவாட்டில் சிறிய வட்ட விளக்கு என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் முக்கியம். டாட்ஜ் அடங்கிய கிரைஸ்லர் குழுமத்தின் வண்டிகள் 1968 மாடலில் மட்டும் அந்தச் சிறிய வட்ட விளக்கைப் பயன்படுத்தின. 1969ல் நீள்சதுரப் பிரதிபலிப்பானுக்கு மாறிவிட்டன. 1967 டார்ட்டில் அந்த இடம் வெறும் தகடு. ஆகவே அது 1968. இதில் ஒரே சந்தேகம், எப்போதோ மோதி வேறு வண்டியின் மட்கார்டை மாட்டியிருக்கலாம் என்பது. முன்னும் பின்னுமாக இருபுறமும் நான்கு விளக்குகளும் வட்டமாகவே இருந்தால் அந்தச் சந்தேகமும் போய்விடும். நான்கையும் மாற்றும்படி எந்த விபத்தும் நடக்காது.

இன்னும் உறுதி வேண்டுமானால் முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில், ஓட்டுநர் பக்கம், டாஷ்போர்டு மேல் பாருங்கள். 1968 மாடல் முதல் கிரைஸ்லர் வண்டிகளில் அடையாள எண் பதித்த சிறிய தகடு அங்கே ரிவெட் அடித்து வைக்கப்பட்டிருக்கும். வெயில் எதிரடிக்காத காலை வேளையில் நடைபாதையிலிருந்தே படிக்கலாம். அந்த எண்ணில் ஆறாவது இடம் மாடல் ஆண்டின் கடைசி இலக்கம். அங்கே 8 இருந்தால் 1968. டார்ட் 1976ஓடு நின்றுவிட்டதால் 1978 என்று குழம்பவும் இடமில்லை. ஐந்தாவது இடத்தில் ‘பி’ (B) இருந்தால் உள்ளே 225 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின். ஏழாவது எழுத்து தொழிற்சாலை. ‘இ’ என்றால் லாஸ் ஏஞ்சலஸில் தயாரான வண்டி.

அந்தத் தொழிற்சாலை எழுத்தைப் படிப்பதில் எனக்குத் தனி ஆசை உண்டு. காரணம், நீங்கள் குடிவந்திருக்கும் வட்டாரமே கார் செய்த வட்டாரம். ஓக்லாந்தின் கிழக்கில் ஈஸ்ட்மான்ட் வணிக வளாகம் இருக்கும் இடத்தில் 1916 முதல் 1963 வரை ஷெவர்லே தொழிற்சாலை இயங்கியது. அந்த வேலை பிறகு தெற்கே ஃப்ரீமான்ட்டுக்குப் போனது. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் 1982ல் மூடிய ஆலையில், இடையில் டொயோட்டாவோடு கூட்டாக ஓடிய ஒரு காலத்துக்குப் பிறகு, இன்று டெஸ்லா தயாராகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் எண்ணிலும் ஆறாவது இடம் ஆண்டு, ஏழாவது ஆலை. அங்கே ‘இசட்’ கண்டால் ஃப்ரீமான்ட். ஃபோர்டு முறை வேறு: முதல் இலக்கம் ஆண்டு, இரண்டாவது எழுத்து ஆலை, அது ‘ஆர்’ என்றால் மில்பிடாஸில் இருந்த சான் ஹோசே ஆலை. 1983ல் மூடிய அந்தக் கட்டடம்தான் 1994ல் கிரேட் மால் என்ற வணிக வளாகம் ஆனது. சனிக்கிழமை அங்கே துணி வாங்கப் போகிறவர்கள் வாசலில் நிறுத்தும் பழைய மஸ்டாங் சில நேரம் அந்தக் கூரைக்குக் கீழேயே தயாரானதாக இருக்கும். ஃபோர்டு 1968ல் எண் தகட்டைப் பயணி பக்கம் வைத்தது, 1969ல்தான் ஓட்டுநர் பக்கம் மாற்றியது, தேடும்போது நினைவிருக்கட்டும். 1967 வரையிலான வண்டிகளில் எண் கதவுத் தூணிலோ எஞ்சின் அறைக்குள்ளோ மறைந்திருப்பதால் தெருவிலிருந்து படிக்க வழியில்லை.

இதுவரை சொன்னவை நம்பத்தக்கவை. நம்பக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து உள்ள கலிஃபோர்னியா நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் 1960களிலிருந்து ஒரே மாநிலத்தில் இருந்த வண்டி என்று பலரும் மகிழ்ந்துவிடுகிறார்கள். அசல் கறுப்பு பிளேட் 1963 முதல் 1969 வரை கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் 2015 முதல் மாநில அரசே அதே தோற்றத்தில் புதிய பிளேட்டை விற்கிறது. சென்ற ஆண்டு வாங்கிய மின்சாரக் காரிலும் அதைப் பார்க்கலாம். அசல் பயணி கார் பிளேட்டில் மூன்று எழுத்துகள், அவற்றை அடுத்து மூன்று இலக்கங்கள் என்ற வரிசை இருக்கும். அதுகூடக் குறிப்புதான், ஆதாரம் அல்ல. எஞ்சின் அளவைச் சொல்லும் உலோக எழுத்துகளை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஷெவர்லே ஷெவெல்லில் ‘எஸ்.எஸ்.’ (சூப்பர் ஸ்போர்ட்) என்ற இரண்டெழுத்து விலையைப் பல மடங்கு கூட்டுவதால், அதே காரின் சாதாரண வகையான மாலிபுவில் அதை மாட்டி விற்பது நெடுங்கால வழக்கம். 1966 முதல் 1968 வரை எஸ்.எஸ்.க்குத் தனி வரிசை எண் உண்டு, அடையாள எண் 138 என்று தொடங்கும். 1969 முதல் அது கூடுதல் வசதிப் பொதியாக மாறிவிட்டதால் அடையாள எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த ஆண்டு வண்டியைப் பார்த்துத் தெருவில் நின்று ‘இது அசல்’ என்று யாராவது அடித்துச் சொன்னால், காகிதம் எங்கே என்று கேளுங்கள்.

அசலா, புதுப்பித்ததா என்பதற்கு வேறு சாட்சிகள் உண்டு. பக்கக் கண்ணாடியின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஒரு முத்திரை பொறித்திருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் அது பெரும்பாலும் எல்.ஓ.எஃப். என்ற கண்ணாடிக் கம்பெனியின் முத்திரை; அதன் அருகில் இரண்டு எழுத்துகள், ஒன்று மாதம், ஒன்று ஆண்டு. எல்லாக் கண்ணாடியிலும் அவை ஒத்துப்போய், வண்டி தயாரான காலத்துக்குச் சற்று முன்பாக இருந்தால் அந்தக் கண்ணாடிகள் பிறந்த நாளிலிருந்து அங்கேயே இருப்பவை. ஒரு கதவுக்கு மட்டும் வேறு எழுத்து என்றால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. அடுத்து, வண்டியின் பின் மூலையில் சற்றுக் குனிந்து நின்று பக்கவாட்டுத் தகட்டின் மேல் எதிர்வீட்டுச் சுவரோ மின்கம்பியோ எப்படிப் பிரதிபலிக்கிறது என்று பாருங்கள். கோடு நேராக ஓடி, சக்கர வளைவுக்கு மேல் மட்டும் நெளிந்தால் அங்கே பட்டி பூசியிருக்கிறார்கள். கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங்கின் விளிம்பில் உடல் நிறத்தில் பெயிண்ட் தூசி ஒட்டியிருந்தால், பீடிங்கைக் கழற்றாமல் மேலாக அடித்த பெயிண்ட். இவற்றைத் தொடாமலே பார்க்கலாம். பட்டியைக் கண்டுபிடிக்கக் காந்தம் வைத்துப் பார்ப்பது சொந்தக்காரர் சம்மதித்த பிறகு.

சிகாகோவில் ஏன் இல்லை என்பதற்கு முதல் பதில் உப்பு. பனிக்காலத்தில் அங்கே சாலையில் கொட்டும் உப்பு, உருகிய நீரோடு சேர்ந்து தகட்டின் மடிப்புகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் காலத்து உடல்தகடுகளுக்கு இன்றைய துத்தநாகப் பூச்சு கிடையாது. கதவுக்குக் கீழுள்ள குழல், தரை, பின் மட்கார்டு என்று உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடே இருக்காது. ஓக்லாந்தில் உப்பு இல்லை, கோடையில் மழை இல்லை. இதே காரணத்தால்தான் மழை ஓயாத போர்ட்லண்டிலும் பழைய வண்டிகள் பிழைத்தன: ஒரிகன் நெடுங்காலம் சாலை உப்பைத் தவிர்த்த மாநிலம். அங்கே கண்ணாடிப் பீடிங்கில் பாசி படர்ந்திருக்கும், தகடு திடமாக இருக்கும். அதே சமயம் கடற்காற்றிலும் உப்பு உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் மேற்கு ஓரத்தில், கடலைப் பார்த்தபடி பல ஆண்டுகள் நின்ற வண்டி என்றால், கலிஃபோர்னியா வண்டி என்ற பெயரை நம்பாமல் கூரை ஓரத்தையும் பின் கண்ணாடிக்குக் கீழேயும் பார்ப்பேன்.

இரண்டாவது காரணம் புகைச் சோதனை. கலிஃபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல் பெட்ரோல் கார்களுக்குச் சோதனை கிடையாது. முன்பு முப்பது வயதான வண்டிக்கு விலக்கு என்று ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டிருந்த எல்லை, 2005ல் அந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டது. 1976 வண்டி இன்றும் இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதனையில் தேற வேண்டும், அதுவும் அந்தக் காலத்துக் குழாய்கள், வால்வுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்படி. இந்த வட்டாரத்துத் தெருக்களில் 1966 வண்டிகள் கண்ணில் படும் அளவுக்கு 1978 வண்டிகள் படுவதில்லை என்பது என் கவனிப்பு. இந்த விதியே காரணம் என்று நினைக்கிறேன். எண்ணிக் கணக்கெடுத்துச் சொல்லவில்லை. பழைய வீடுகளின் கார் கொட்டகைகள் குறுகலாக இருப்பதும், அவை பொருட்கள் போட்டுவைக்கும் அறையாகிவிட்டதும் வண்டிகளைத் தெருவுக்குத் தள்ளியிருக்கலாம். அதுவும் ஊகமே. எஞ்சினைப் பற்றிய காரணம் ஊகம் அல்ல. உங்கள் டார்ட்டில் இருக்கக்கூடிய அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின், முப்பது டிகிரி சாய்த்து வைத்த வார்ப்பிரும்புக் கட்டை, 1960ல் வந்தது. பராமரிப்பில் எவ்வளவு அலட்சியம் காட்டினாலும் பொறுத்துக்கொள்ளும். உதிரிப்பாகம் இன்றும் கிடைக்கிறது.

நிற்கிற வண்டி உயிரோடு இருக்கிறதா என்பதும் தெருவிலேயே தெரியும். இங்கே ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால் இழுத்துப் போக நகரத்துக்கு அதிகாரம் உண்டு. தெரு பெருக்கும் நாளில் அந்தப் பக்கத்தை விட்டு நகர்ந்தே ஆக வேண்டும். ஓடாத வண்டி என்று பதிவு செய்து கட்டணத்தைக் குறைத்துக்கொண்டால் பொதுத் தெருவில் நிறுத்தவே கூடாது. எனவே பின் பிளேட்டின் மூலையில் ஒட்டிய பதிவுத் துண்டில் நடப்பு ஆண்டு இருந்து, வாரத்துக்கு வாரம் வண்டி எதிர்ப்புறம் மாறி நின்றால், யாரோ அதை நேசித்து வைத்திருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. டயர் புதியது, அடியில் ஈரமான எண்ணெய்ச் சொட்டு, வைப்பர் குழிவில் சருகு இல்லை என்றால் நேற்று ஓடிய வண்டி. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே சிலந்தி வலை என்றால் வேறு கதை.

ஓக்லாந்தை ஒட்டிய அலமீடா தீவில் ஒரு மதிப்பீட்டுக்குப் போயிருந்தேன். 1964 ஃபோர்டு ஃபால்கன், பின்னால் இரண்டு பெரிய வட்ட விளக்கு. வண்டியின் கூரை மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. விரலால் தொட்டால் நீலப் பொடி ஒட்டியது. கதவின் மேல் விளிம்பில், ஓட்டுநர் முழங்கை ஊன்றும் இடத்தில், பெயிண்ட் தேய்ந்து, அடியில் இருந்த பழுப்பு முதல்பூச்சும் தேய்ந்து, தகடு பளபளவென்று தெரிந்தது. அதில் துரு ஒரு புள்ளி இல்லை. தினமும் ஒரு கை அங்கே பட்டுக்கொண்டிருந்ததால் துரு பிடிக்க நேரமே கிடைக்கவில்லை. வைத்திருந்த அம்மாள் ஓய்வுபெற்ற செவிலியர். தந்தையிடமிருந்து வந்த வண்டி. புதிதாகப் பெயிண்ட் அடித்தால் மதிப்பு கூடுமா என்று கேட்டார். அடிக்க வேண்டாம் என்றேன். அந்தத் தேய்மானத்தை எந்தப் பட்டறையாலும் திரும்பச் செய்து தர முடியாது. கண்காட்சி மேடையில் நிற்கும் வண்டிகளை நான் மதிக்கிறேன், ஆனால் என் மனம் இவற்றின் பக்கம்தான்.

வாங்குவதைப் பற்றி: பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நான் மேலே சொன்ன எதுவும் எஞ்சினின் அழுத்தத்தையோ கியர்பெட்டியின் நிலையையோ சொல்லாது. அதற்கு வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்க்க ஒரு மெக்கானிக் வேண்டும். உங்களுடையது 1968 என்பதில் ஒரு நன்மை இருக்கிறது. 1967 முதல் அமெரிக்க கார்களில் பிரேக் எண்ணெய் முன்சக்கரம், பின்சக்கரம் என்று இரு தனி வழிகளில் போகிறது. அதற்கு முன் பெரும்பாலானவற்றில் ஒரே வழி, ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. பெட்ரோலில் இன்று கலக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். வாங்கிய முதல் வாரமே மாற்றிவிடுங்கள். டிக்கியின் தரை விரிப்பைத் தூக்கி, கண்ணாடிப் பீடிங் வழியாக இறங்கிய மழைநீர் அங்கே தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, டயர் மாற்றும்போது: அந்தக் காலத்து கிரைஸ்லர் வண்டிகளில், 1970 வரை, இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை. வழக்கப்படி திருப்பினால் இறுகும். பலத்தைக் கூட்டினால் போல்ட் முறியும். போல்ட் முனையில் ‘எல்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.

சொந்தக்காரரை அணுக, வைப்பருக்கு அடியில் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு வைப்பது இங்கே வழக்கம். விலையைச் சீட்டில் எழுதாதீர்கள். இருட்டிய பிறகு டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டாம். ஓக்லாந்தில் தெருவோரம் நிற்கும் பழைய வேன்கள், வண்டிகள் சிலவற்றில் மனிதர்கள் வாழ்கிறார்கள். ஜன்னலில் துணி மறைப்போ உள்ளே படுக்கையோ தெரிந்தால் அது ஒருவருடைய வீடு. படம் எடுக்காமல் கடந்து போய்விடுங்கள். உங்கள் டார்ட்டின் படத்தைப் பகிர்வதானால் நம்பர் பிளேட்டையும் தெருப் பெயரையும் மறைத்துவிட்டு, நான்கு பக்கவாட்டு விளக்குகளும் தெரியும்படி எடுங்கள். தகட்டில் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது இடங்களில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள், மற்ற இலக்கங்கள் வேண்டாம். மீதியை அதை வைத்துச் சொல்கிறேன்.